மூதூரிலிருந்து கிண்ணியாவுக்கு, நான்கு பாதைகள் கடந்து

திருகோணமலைப் பக்கம் பஸ்ஸில் போய் இறங்கி, நாள் முழுக்க நடக்கக்கூடிய வழிகள் உண்டா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். உண்டு. உப்புவெளியில் இறங்கிக் கடற்கரையோரமாக நிலாவெளி வரை நடக்கலாம். கண்டி வீதியில் கப்பல்துறையில் இறங்கினால், எங்கள் காலத்தில் பற்றைக்காட்டுக்குள் நல்ல வண்டித்தடங்கள் இருந்தன. எழுபதுகளின் நடுவில் நானும் என் கணவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கெல்லாம் நடந்திருக்கிறோம். ஆனால் நான் எழுதப்போவது மூதூரிலிருந்து கிண்ணியாவுக்கு நடந்த ஒரே ஒரு நாளைப் பற்றி. சந்தோசமான பயணம் அல்ல. அழகு தேடிப் போகிறவர்கள் நிலாவெளியோடு நின்றுகொள்ளலாம்.

அதற்கு முந்திய வருஷம் வரை நாங்கள் மூதூரில்தான் இருந்தோம். இவர் அங்கே ஓர் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். மார்கழி மழையில் எங்கள் மகள் வதனிக்குக் காய்ச்சல் கண்டது. இரண்டு வயது. பெரியாஸ்பத்திரி குடாவுக்கு அக்கரையில், திருகோணமலையில். வாடைக்காற்றில் கடல் கொந்தளித்து லாஞ்ச் ஓடவில்லை. எனக்கும் அதே காய்ச்சல், பாயை விட்டு எழும்ப ஏலாது. இவர் பிள்ளையைத் துவாயால் சுற்றித் தூக்கிக்கொண்டு கிண்ணியாவைச் சுற்றிப் போகும் தரைவழியாகப் புறப்பட்டார். எனக்குச் செய்தி வந்தபோது அடக்கமும் முடிந்திருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடத்தினார்களாம். தண்ணீர் கேட்டாளாம். ஒரு மிடறு குடித்துவிட்டு நித்திரையானாளாம். இவர் சொன்ன அந்த ஒரு மிடறு தண்ணீரைப் பிடித்துக்கொண்டுதான் நான் எழும்பி நடமாடினேன்.

பிறகு இடமாற்றம் வாங்கி லிங்கநகரில் வாடகை வீட்டுக்கு வந்தோம். ஞாயிறுகளில் இரண்டு பேராலும் வீட்டுக்குள் இருக்க முடியவில்லை; அதனால்தான் அந்த நடைகள். பிள்ளை போன வழியை ஒருமுறை பார்க்கவேண்டும் என்று நான்தான் கேட்டேன். அந்த ரோட்டில் பார்க்க ஒன்றுமில்லை என்று இரண்டு தரம் மறுத்தார். மூன்றாம் தரம் கேட்டபோது, எத்தனை மணி லாஞ்ச் என்று விசாரித்துக்கொண்டு வந்தார்.

அது மாசி மாதம். காலை ஏழு மணி லாஞ்சில் ஏறினோம். கடல் எண்ணெய் போலக் கிடந்தது. மார்கழியில் ஒரு நாள், ஒரே ஒரு நாள் இப்படிக் கிடந்திருக்கக்கூடாதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். எட்டேகால் போல மூதூரில் இறங்கி, துறையடிக் கடையில் பிளேன்ரீ குடித்துவிட்டு, நாங்கள் குடியிருந்த வீட்டுப் பக்கம் திரும்பாமல் கிண்ணியா வீதியில் நடந்தோம்.

மொத்தத் தூரம் பத்து மைல் வரும். ஏற்ற இறக்கம் கிடையாது, நிழலும் கிடையாது. வயல்களில் அரிவு வெட்டு முடிந்து சூடு மிதித்துக்கொண்டிருந்தார்கள். வழியில் நான்கு இடங்களில் தண்ணீரைக் கடக்கவேண்டும்: இறால்குழி, கங்கை, உப்பாறு, கிண்ணியா. அப்போது ஓரிடத்திலும் பாலம் இல்லை. பஸ்ஸையும் லொறியையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு கயிற்றில் இழுபட்டுப் போகும் தட்டையான மிதவைதான். எங்கள் பக்கம் அதற்குப் பெயர் பாதை.

இறால்குழியைக் கடக்கும்வரை இவர் சாதாரணமாகத்தான் இருந்தார். அன்று பிள்ளையோடு வந்தபோது அதுவரைக்கும் ஒரு கார் கிடைத்ததாகவும், அப்பால் வீதி வெள்ளத்துக்குள் போய்விட்டதால் நடந்ததாகவும் சொன்னார். அதற்குப் பிறகு பேச்சு நின்றுவிட்டது. கங்கைக்கு வந்தபோது பத்தரை மணி வெயில். அது மகாவலியின் ஒரு கிளை. தண்ணீர் பழுப்பாக, சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. பாதையில் எங்களைத் தவிர இரண்டு சைக்கிள்காரர்கள்தான்.

பாதைக்காரர் ஐம்பது வயது மதிக்கத்தக்க முஸ்லிம்; அவர்களில் மூத்தவர்களை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். கயிற்றை இழுத்தபடி இவரையே பார்த்துக்கொண்டிருந்தவர், நடு ஆற்றில் வைத்துக் கேட்டார்.

"ஐயா, அண்டைக்கு வெள்ளத்துக்குள்ள ஒரு புள்ளையத் தூக்கிட்டு வந்தீங்கதானே? பாதை ஓடல்ல. நான்தான் தோணியில கொண்டு விட்டன். அந்தப் புள்ளைக்கு எப்படி, சுகமா?"

இவர் தண்ணீரைப் பார்த்தபடி, "ஓம் நானா, சுகம்" என்றார்.

பாதைக்காரரின் முகம் மலர்ந்துவிட்டது. அன்றிரவு வீட்டில் போய்ச் சொன்னாராம், மனைவி பிள்ளைக்காகத் துஆக் கேட்டாவாம். நீங்கள்தான் தாயா என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் தலையாட்டினேன்.

அக்கரையில் ஒரு மருதமரத்தடியில் உட்கார்ந்தோம். கோதுமை மாவுக்குத் தட்டுப்பாடு, கடைகளில் பாண் கிடைக்காத காலம். அவித்த மரவள்ளியும் சம்பலும் கட்டிக்கொண்டு போயிருந்தோம். இரண்டு பேரும் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. ஏன் அந்த மனிசனுக்குப் பொய் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"அண்டைக்கும் அவரிட்டப் பொய்தான் சொன்னனான்" என்றார். பொட்டலத்தைத் திரும்பப் பைக்குள் வைத்துவிட்டு, "தோணியில ஏறேக்கையே பிள்ளை இல்லை."

எனக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது, "அப்ப ஏன் அங்கால போனீங்கள்? என்னட்டத் திரும்பி வந்திருக்கலாமே" என்றேன்.

"திரும்பினா உம்மட்ட வந்து சொல்லவேணும். போய்க்கொண்டிருந்தா, வருத்தக்காரப் பிள்ளையைக் கொண்டுபோற ஆள் நான். உப்பாற்றில கேட்டவைக்கும் காய்ச்சல் எண்டுதான் சொன்னனான். கிண்ணியாவிலயும் அப்பிடித்தான். ஆஸ்பத்திரியில டொக்டர் வாங்கிப் பார்த்தாப் பிறகுதான் கையை எடுத்தனான்."

"தண்ணி குடிச்சவ எண்டனீங்களே."

இல்லை என்று தலையை ஆட்டினார்.

நான் எழும்பி நடந்தேன். அங்கிருந்து உப்பாறு வரை அவர் எனக்கு இருபது யார் தூரம் பின்னால் வந்தார். உப்பாற்றுப் பாதையில் அவர் ஓர் ஓரத்தில், நான் மறு ஓரத்தில் நின்றோம். எனக்கு வந்த கோபத்தை எழுதத் தெரியவில்லை. பிள்ளை செத்த செய்தி இரண்டாம் தரம் வந்தது போல இருந்தது. இந்தமுறை வாயில் ஒரு சொட்டுத் தண்ணீரும் இல்லாமல், சேற்று வீதியில், மழைக்குள்.

கிண்ணியாத் துறைக்கு வந்தபோது பின்னேரம் மூன்று மணி. அக்கரையில் திருகோணமலை பஸ் நின்றது. பாதை புறப்பட்ட பிறகு நானே அவருக்குப் பக்கத்தில் போய், "பிள்ளையை எப்பிடிப் பிடிச்சிருந்தனீங்கள்?" என்று கேட்டேன்.

அவர் தோளிலிருந்த பையைக் கீழே வைத்தார். இடது கையை மடித்துத் தலை கிடக்கும் இடத்தைக் காட்டினார். வலது கையை விரித்து அதற்கு மேலே கவிழ்த்துப் பிடித்தார்.

"முகத்தில மழை படாம" என்றார்.

பஸ்ஸில் ஒரே சீற்றில்தான் இருந்தோம். அந்த நடையால் மனம் ஆறிற்று என்று எழுதினால் அது பொய். வைகாசி வரையில் சமையல், சம்பளம் தவிர வேறு கதை எங்களுக்குள் இருக்கவில்லை. பிறகு ஒரு மகன் பிறந்தான். வாழ்ந்தோம். இவர் போய் இப்போது ஆறு வருஷம். அந்த நாளுக்குப் பிறகு ஆறுதலுக்காகக்கூட என்னிடம் அவர் ஒரு பொய் சொன்னதில்லை. கடைசியாக வருத்தத்தில் படுத்திருந்தபோதும், நோகிறதா என்று கேட்டால், நோகிறது என்றே சொன்னார். சில நாட்களில் அந்தப் பழைய பொய்யைப் போல ஒன்றாவது சொல்லமாட்டாரா என்று எனக்கு இருந்தது.

போக விரும்புகிறவர்களுக்கு: மாசி தொடக்கம் சித்திரை வரை நல்ல காலம். கார்த்திகை, மார்கழியில் போகவேண்டாம். லாஞ்சை நம்பாதீர்கள், திருகோணமலையிலிருந்து மூதூருக்கு இப்போது பஸ்ஸிலேயே போகலாம். விடியப் புறப்பட்டால் பதினொரு மணி வெயிலுக்குள் பாதித் தூரம் கடந்துவிடலாம். தொப்பியும் ஆளுக்கு இரண்டு போத்தல் தண்ணீரும் வேண்டும். ஆறுகளின் தண்ணீர் குடிக்க உதவாது. உப்பாற்றில் பெயரே சொல்லிவிடுகிறது. நான்கு இடத்திலும் பாலம் வந்துவிட்டது. முழுத்தூரம் நடக்க ஏலாதவர்கள் கங்கையில் மட்டும் இறங்கிப் பார்க்கலாம். அங்கே பஸ் தானாக நிற்காது. கொண்டக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் ஆறு வந்ததே தெரியாமல் அக்கரைக்குப் போய்விடுவீர்கள்.