விளிம்பு மடிக்காத பேணி

என் கணவரின் செத்தவீட்டில் எனக்கு அழுகை வரவில்லை. வந்தவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தாங்களே அழுதார்கள். எனக்கு வந்தது கோபம்தான். அதுவும் நாலைந்து நாள் கழித்து, குசினியில் புட்டுக் கொத்துகிற பேணியைக் காணாதபோது.

ஸ்காபரோவில் எப்போதோ பூட்டிவிட்ட ஒரு கடையில் வாங்கிய சில்வர் பேணி. குவளை மாதிரி நேரான உடம்பு, மடிக்காத மெல்லிய விளிம்பு. குழைத்த மாவை அந்த விளிம்பால் கொத்தினால் மணலாக உதிரும். அவருக்குப் புட்டில் கட்டி இருக்கக் கூடாது. வாய் திறந்து குறை சொல்ல மாட்டார். கட்டிகளைப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்துவிட்டு எழும்பிப் போவார். அதற்கு நாலு ஏச்சு ஏசியிருந்தாலாவது பரவாயில்லை.

எட்டாம் நாள், செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைப்பது எங்கள் வழக்கம். அவருக்குப் பிடித்தது புட்டு. எட்டுக்கு ஆயத்தம் செய்யப் பார்த்தால் பேணி இல்லை.

"அதிலைதானே மச்சாள் வாய்க்கரிசி கொண்டுபோனனாங்கள்," என்றாள் அவரின் தங்கை. "அவசரத்திலை கைக்கு அம்பிட்டதை எடுத்தன். செத்தவீட்டுக்குக் கொண்டுபோனதைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாதெல்லோ. அங்கையே எறிஞ்சாச்சு."

அந்தப் பேணிக்குள் கைவிட்டு அரிசி அள்ளி அவர் வாயில் போட்டவள் நானும்தான். எனக்குக் கண் தெரியவில்லையா என்ன?

செத்தவீட்டுத் துடக்கு கழியாத நாளில் கடை கடையாகத் திரிகிறாளே என்று சனம் கதைத்திருக்கும். கதைக்கட்டும். மகள் காரோட்டினாள். நான் போகிற இடமெல்லாம் பேணிகளின் விளிம்பைத் தடவிப் பார்த்தேன். எல்லாம் உருட்டி மடித்தவை.

"அன்ரி, உது இப்ப வாறேல்லை," என்றான் ஒரு தமிழ்க் கடைப் பொடியன். "இப்ப எல்லாம் விளிம்பு மடிச்சுத்தான் வருது. கை வெட்டாது."

"கை வெட்டினாலும் பரவாயில்லைத் தம்பி. எனக்கு மா வெட்டவேணும்."

பிக்கரிங்கில் கார் நிறுத்துமிடத்தில் மகள் போனில் தேடினாள். "டிஸ்கண்டினியூட் அம்மா. இனிச் செய்யமாட்டினமாம். பூட் ப்ராசசரிலை போட்டு அடிப்பமா?"

நான் கண்ணாடிக்கு வெளியே பார்த்தேன். யாரோ ஒருவர் தள்ளுவண்டி நிறையத் தண்ணீர்ப் போத்தல்கள் தள்ளிக்கொண்டு போனார். என் கணவர் செத்ததாகச் சொன்னபோதும் இப்படித்தான் எதையோ பார்த்துக்கொண்டு இருந்தேன். உள்ளே ஒன்றும் அசையவில்லை.

"அம்மா, அப்பா ஒண்டும் சொல்லமாட்டார்," என்றாள் மகள்.

"அவர் எப்ப சொன்னவர்?"

எட்டன்று ஒரு மடித்த விளிம்புப் பேணியால் கை நோகக் கொத்தினேன். மா நசிந்ததே ஒழிய வெட்டுப்படவில்லை. இருந்த கோபத்தில் கட்டிகளோடு அப்படியே அவித்தேன். படத்துக்கு முன்னால் வாழையிலை போட்டு, புட்டு, கத்தரிக்காய்க் குழம்பு, வாழைப்பழம் எல்லாம் படைத்தோம். புகை எச்சரிக்கை அடிக்கும் என்று மகள் சாம்பிராணியைக் குறைத்துப் போட்டாள். செத்தவர் வந்து சாப்பிடட்டும் என்று அறைக் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நின்றோம்.

கதவைத் திறந்ததும் நான் முதலில் பார்த்தது இலையின் ஓரத்தை.

கட்டிகள் எல்லாம் நான் வைத்த இடத்திலேயே கிடந்தன.