அடுப்பைக் காட்டுங்க, அப்புறம் சேர்றேன்

சமையல் தொழிலில் கை சுடும் என்று எல்லோரும் சொல்வார்கள். கோர்ஸ் தேடும்போதே சுடும் என்று ஒருத்தரும் சொல்வதில்லை. தாராவிப் பட்டறையில் பை தைக்கிற வேலையை விட்டாச்சு. முதலாளி சேட் என் மெஷினில் வேறொருத்தனை உட்கார வைத்தும் விட்டார். தப்பான கோர்ஸில் சேர்ந்தால் திரும்பிப் போக ஸ்டூல்கூட இல்லை. பத்தாவதோடு நிறுத்திவிட்டு, பிடிக்காத வேலையில் மாட்டி, என்னை மாதிரியே படியேறி இறங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

தாதரில் ஏசி உண்டு

முதலில் போன சமையல் இன்ஸ்டிடியூட். கண்ணாடிக் கதவு. சுவர் முழுக்க உயரமான வெள்ளைத் தொப்பி போட்டுச் சிரிக்கிற ஆட்கள். கவுன்சிலர் மேடம் கப்பல் வேலை, துபாய் ஹோட்டல் என்று பேசிக்கொண்டே போனார். எல்லாம் சரி, அங்கே வந்தது ரூம் ஸ்பிரே வாசனை. "அடுப்பு எங்க மேடம்?" என்றேன். பக்கத்து நாற்காலி அப்பாக்கள் நான் கெட்ட வார்த்தை பேசின மாதிரி திரும்பிப் பார்த்தார்கள். முதல் வருஷம் வெறும் தியரிதானாம், அடுப்பு அடுத்த வருஷம்தானாம். மேடம் சிரிப்பு மாறாமல் சொன்னார்: "பெஹ்லே தியரி, பேட்டா. கிச்சன் அகலே சால்."

கேரட்

செம்பூரில் ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடி. ஏறும்போதே வெங்காயம் கருகுகிற வாசனை. நடத்துகிற அக்கா ஹோட்டலில் செஃப்பாக இருந்தவர், நம்ம தமிழ். இலவச டெமோ கிளாஸ். "எல்லா கேரட்டையும் ஒரே அளவா, விரல் நீளத்துக்கு வெட்டுங்க" என்றார்.

ஒரே அளவா? பட்டறையில் நான் வேறென்ன செய்தேன்? ரெக்சின் வெட்டுவதற்கு அட்டையில் ஒரு அச்சு இருக்கும், ஃபர்மா என்போம். முதல் கேரட் துண்டையே ஃபர்மாவாக வைத்துக்கொண்டேன். அதை ஒவ்வொரு கேரட் மேலும் வைத்து, கத்தி முனையால் கோடு போட்டு, பிறகு வெட்டினேன். மற்றவர்கள் பொரியலே இறக்கிவிட்டார்கள். நான் ரெண்டாவது கேரட்டில் இருந்தேன். அக்கா என் தட்டைத் தூக்கிப் பார்த்தார். "அழகா இருக்குடா. ஆனா கஸ்டமர் எழுந்து பக்கத்துக் கடைக்குப் போயாச்சு."

கோர்ஸே வேண்டாமாம்

மாட்டுங்காவில் தெரிந்த மெஸ் ஓனர், பாலக்காட்டுக்காரர், "கோர்ஸெல்லாம் எதுக்குடா? ஞாயித்துக்கிழமை வந்து தோசைக்கல்லுல நில்லு" என்றார். நின்றேன். கல் காய்ந்துவிட்டதா என்று யாரைக் கேட்டாலும் "ஊத்து, ஊத்து" என்றார்கள். ஊத்தினேன். சொல்லிக் கொடுக்க அங்கே யாருக்கும் நேரமில்லை, அவர்கள் மேல் தப்பும் இல்லை. முதல் தோசை வாங்கிய மாமா அதை ரெண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். கிழியவில்லை. நான் பை தைத்தவன் என்று அவருக்குத் தெரியாது, சத்தியமாகத் தெரியாது. "ஓய், இதுக்கு ஒரு ஜிப் வெச்சுக் குடும், தோள்ல மாட்டிண்டு ஆபீஸ் போறேன்."

அப்பாவின் ஓட்டு

அப்பாவும் தாதருக்கு வந்து பார்த்தார். கண்ணாடிக் கதவு அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. செம்பூரைப் பற்றி வாயெடுத்தேன்.

"மருந்துக் கடை மாடியிலயா? ஏலே, சொந்தக்காரன் கேட்டா என்னன்னு சொல்ல? தாதர்ல படிக்கான்னா ஒரு மதிப்பு இருக்குல்லா."

"அங்க அடுப்பே இல்லப்பா."

"அடுப்பு நம்ம வீட்லயே கெடக்கு. சனிக்கெழம போயி தாதர்ல சேந்துட்டு வா."

சனிக்கிழமை

சயான் ஸ்டேஷனில் நின்றேன். தாதர் வண்டி வந்தது. கூட்டம்கூட இல்லை, சாக்கு சொல்ல வழியில்லை. ஏறவில்லை. வெளியே வந்து செம்பூர் பஸ் பிடித்தேன். சம்பளத்தில் சேர்த்து வைத்ததை அக்காவிடம் கொடுத்துவிட்டு, அப்பா சொன்னதையும் மறைக்காமல் சொன்னேன். இனி என்ன ஆனாலும் அப்பாவைக் குறை சொல்ல முடியாது, என்னைத்தான் சொல்லணும். அக்கா ஒரு ஏப்ரனைத் தூக்கிப் போட்டார். "அப்பா சண்டைக்கு வந்தா சாப்பாட்டு நேரமாப் பாத்து வரச் சொல்லு. பசியோட வர்ற ஆள்கிட்ட பேசறது சுலபம்."

தாதரில் சேர்ந்துவிட்டு வா என்றார் அப்பா. அதில் நான் செய்தது வீட்டுக்கு வந்தது மட்டும்.