சுட்ட கை

ராயபுரம் போலீஸ் லைனில் நாங்கள் குடியிருந்த காலம். என் வீட்டுக்காரர் கான்ஸ்டபிள். திருவொற்றியூரில் ஒரு ஆலை வாசலில் வேலைநிறுத்தம் என்று பந்தோபஸ்துக்குக் கூட்டிப்போனார்கள். கல் விழுந்தது, சுடச் சொல்லி உத்தரவு வந்தது, வரிசையில் நின்றவர்கள் சுட்டார்கள். ஒரு தொழிலாளி செத்துப்போனார். பேப்பரில் நாலு வரி. அதோடு எல்லாருக்கும் முடிந்தது. எங்கள் வீட்டில் முடியவில்லை.

ஆலைச் சங்கு ஊதினால் போதும், சோற்றை அப்படியே விட்டுவிட்டுச் சுவரோரம் போய் ஒண்டிக்கொள்வார். எங்கள் பெண் தட்டைக் கீழே போட்டாள் என்று ஒருநாள் அறைந்தார். நானும் வாங்கியிருக்கிறேன். அடித்த பிறகு தன் கையையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பரேடில் ஒருநாள் துப்பாக்கி கை நழுவி விழுந்துவிட்டது. அதற்குத் தண்டனையாக, அதே துப்பாக்கியைத் தலைக்கு மேல் பிடித்தபடி உச்சி வெயிலில் மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டார் இன்ஸ்பெக்டர். மயங்கி விழுந்தவரை நாலு பேர் தூக்கிவந்து வீட்டில் கிடத்தினார்கள்.

மறுநாள் காலையில் நான் ஸ்டேஷனுக்குப் போனேன். அவர் தூங்கிப் பல நாளாகிறது, ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுங்கள் என்று கேட்டேன். இன்ஸ்பெக்டர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. பயந்தவனுக்கு ஆஸ்பத்திரியில் மருந்து கிடையாது, வீட்டில் ஒழுங்காகச் சோறு போடு என்றார்.

"சோறு நான் போட்டுக்கினுதான் கீறேன். நீங்க குடுத்த உத்தரவுதான் அவருக்குச் செரிக்கல" என்றேன்.

என்னை வெளியே அனுப்பச் சொன்னார். அந்த வாரமே இவருடைய லீவை ரத்து செய்தார்கள்.

பக்கத்து வீட்டுக்காரரும் அன்று அதே வரிசையில் நின்றவர். அவரும் வாயே திறப்பதில்லை என்று அவர் மனைவி குழாயடியில் சொன்னாள். இரண்டு பேரும் தினம் ஒன்றாக டூட்டிக்குப் போய்வந்தார்கள்; அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேச வைப்பது என்று நாங்கள் முடிவு செய்தோம். ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் மீன் வாங்கும் சாக்கில் காசிமேட்டுக்கு இழுத்துப்போய், இருவரையும் மணலில் உட்காரவைத்துவிட்டுப் பின்னால் உட்கார்ந்துகொள்வோம். பல வாரம் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். "நான் வானத்தப் பாத்துதான் சுட்டேன். நீ?"

"நான் நேரா சுட்டேன்" என்றார் இவர்.

அவ்வளவுதான், முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து போகவில்லை. இவர் தோளில் கையைப் போட்டபடி கூடவே உட்கார்ந்திருந்தார். எங்களுக்குக் கிடைத்த வைத்தியம் அது ஒன்றுதான். பிறகு லைனிலிருந்து இன்னும் மூன்று பெண்கள் தங்கள் புருஷன்மாரைக் கூட்டிவந்தார்கள். இவர் கொஞ்சம் கொஞ்சமாகத் தூங்கினார். கை நீட்டுவது நின்றது. எங்கள் பெண் இவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட மட்டும் ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது.

இன்ஸ்பெக்டர் பதவி உயர்வில் போனார். வழியனுப்பு விழாவில் என்னைப் பார்த்து, "தேறிட்டான் பாத்தியா, நான் அன்னிக்கே சொன்னேன்ல" என்றார். சுற்றி எல்லாரும் இருந்ததால் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். அப்படி வந்ததற்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.