வளைவு மாத்திரை

எங்கள் பள்ளியில் மூன்றே நோய்கள்தான் உண்டு. மலையிலிருந்து வேனில் வந்து இறங்கும் பிள்ளைக்கு என்ன வந்தாலும் அது வளைவு. கீழே போடியிலிருந்து வரும் பிள்ளைக்கு என்ன வந்தாலும் அது சூடு. இரண்டிலும் அடங்காமல் அடம்பிடிக்கும் நோய் எதுவானாலும் அது பூச்சி. மருத்துவக் கல்லூரிகளில் எதற்காக அத்தனை வருடம் உட்கார்ந்து படிக்கிறார்கள் என்று நான் இங்கே வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் யோசிக்கத் தொடங்கினேன்.

இந்த மூன்றையும் கண்டுபிடித்தவர் எங்கள் மருத்துவ அறை உதவியாளர். நாற்பத்தைந்து வயது அம்மா. அறையைச் சுத்தமாக வைத்திருப்பது, காயத்தைக் கழுவித் துணி கட்டுவது, பிள்ளைக்கு முடியவில்லை என்றால் எனக்கும் வீட்டுக்கும் போன் செய்வது, இவ்வளவுதான் அவருக்கு எழுதிக் கொடுத்திருந்த வேலை. அதற்கு முன் போடியில் ஒரு கிளினிக்கில் எட்டு வருடம் டோக்கன் கொடுத்து, நோயாளிகளை வரிசைப்படி உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார். திறந்து மூடிய அந்தக் கதவு வழியாக எட்டு வருடம் எட்டிப் பார்த்ததில் வைத்தியம் முழுவதும் பிடிபட்டுவிட்டது. கழுத்தில் எந்நேரமும் ஸ்டெதாஸ்கோப் தொங்கும். பிள்ளைகள், ஆசிரியைகள், வாட்ச்மேன் எல்லோருக்கும் அவர் டாக்டரம்மா. மூன்று வருடம் நர்சிங் படித்து, கவுன்சிலில் பதிவு செய்து, அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்த நான், 'கையெழுத்துப் போடுற சிஸ்டர்'.

அந்தப் பெயரிலும் தப்பில்லை. நிர்வாகத்துக்கு இரண்டு பள்ளிகள், நர்ஸ் ஒருத்தி. செவ்வாயும் வெள்ளியும் இங்கே, மற்ற நாட்கள் ராசிங்காபுரம் பக்கம் இருக்கும் இன்னொரு பள்ளியில். பள்ளியில் ஒரு மாத்திரை கொடுத்தாலும் பதிவு பெற்ற நர்ஸின் கையெழுத்து வேண்டும் என்பது விதி. எனவே நான் இல்லாத நாட்களில் டாக்டரம்மா வைத்தியம் பார்த்து நோட்டில் எழுதி வைப்பார். நான் வந்து கீழே கையெழுத்துப் போடுவேன். கல்யாணம் முடிந்த பிறகு பெண் பார்க்கப் போவது மாதிரியான ஒரு வேலை.

காலையில் எங்கள் கேட்டைப் பார்க்க வேண்டும். தோட்டத்து ஆட்களை அடைத்துக்கொண்டு ஜீப்புகள் போடிமெட்டுக்கு ஏறிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில், எதிரே எங்கள் வேன் மேலேயே தங்கி வேலை பார்க்கும் ஆட்களின் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றிச் சுற்றி இறங்கி வரும். நாலைந்து பிள்ளைகளாவது வழியில் வாந்தி எடுக்கும். டாக்டரம்மா ஒரு எவர்சில்வர் தட்டில் பாதிப் பாதியாக உடைத்த வாந்தி மாத்திரைகளோடு கேட்டில் நிற்பார். அதற்குப் பெயர் வளைவு மாத்திரை. வாந்தி எடுத்த பிள்ளை, எடுக்காத பிள்ளை, முன் சீட்டில் உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டு வந்த பிள்ளை, எல்லோரும் பிரசாதம் வாங்குவதுபோல வரிசையில் வந்து வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். பிறகு முதல் பாடவேளையில் தூங்கி வழிவார்கள். மலைப் பிள்ளைகளுக்குக் கணக்கு மண்டையில் ஏறாது என்று கணக்கு வாத்தியார் பெற்றோர் கூட்டத்தில் வருத்தப்பட்டார்.

தாளாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் ஏலக்காய் வியாபாரி. கையில் நாலு காயை உருட்டிப் பார்த்தே தரம் சொல்லிவிடுவார் என்பார்கள். மனிதர்களுக்கும் அதே முறைதான். நான் மாத்திரை, விதி, தூக்கம் என்று அடுக்கிக்கொண்டு போனதைப் பொறுமையாகக் கேட்டார்.

"சர்ட்டிபிகேட்டாம்மா ஊசி போடுது? கைதேன போடுது. அந்தம்மாவுக்கு நல்ல கை," என்றார்.

நல்ல கை என்பதற்கு அவரிடம் ஆதாரம் இருந்தது. தினமும் காலையில் அவருக்குச் சர்க்கரை பார்ப்பது டாக்டரம்மாதான். பள்ளியில் இருந்த ஒரே குளுக்கோமீட்டர் அதற்காகவே பீரோவில் பூட்டி வைக்கப்பட்டிருந்தது. சாவி டாக்டரம்மாவின் இடுப்பில்.

ஆரம்பத்தில் நான் நோட்டை வரி வரியாகப் படித்து, சிவப்பு மையில் கேள்வி எழுதுவேன். யாரைக் கேட்டுக் கொடுத்தீர்கள், ஏன் வீட்டுக்குச் சொல்லவில்லை என்று. அவர் அடுத்த வரியில் 'சரி சிஸ்டர்' என்று பணிவாக எழுதிவிட்டு, அதற்கடுத்த வரியில் அதையே மறுபடியும் கொடுத்திருப்பார். ஒரு வருடத்தில் சிவப்புப் பேனா தீர்ந்தது. புதிதாக வாங்கவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ்சுக்கு நேரமாகிவிடும். பக்கங்களைத் திருப்பித் திருப்பிக் கையெழுத்துப் போடப் பழகினேன். பழகப் பழகக் கையெழுத்து அழகாகிக்கொண்டே வந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் வந்து சேர்ந்தபோது மணி பத்து ஆகியிருந்தது. மருத்துவ அறைக் கட்டிலில் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி படுத்திருந்தாள். போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில், ஆட்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளான லயத்திலிருந்து வருகிறவள். அம்மா காய் பறிக்கப் போகிறவர், அப்பா இல்லை. வேனில் மூன்று முறை வாந்தி எடுத்தாளாம். வளைவு மாத்திரை கொடுத்தாகிவிட்டது. தெம்புக்கு இரண்டு டம்ளர் குளுக்கோஸ் தண்ணியும் கொடுத்தாகிவிட்டது. மாத்திரைக்கு அடங்காததால் டாக்டரம்மா ஒரு ஊசியை மருந்து ஏற்றித் தயாராக வைத்திருந்தார். ஊசி அவரிடம் எப்படி வந்தது என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

"வளைவுதேன் சிஸ்டரு. இந்தா ஒரு ஊசியப் போட்டம்னா வெரசா எந்திரிச்சிரும்," என்றார்.

அந்தப் பிள்ளை மூச்சு விட்ட விதம் எனக்குச் சரியாகப் படவில்லை. ஓடி வந்தவள்போல ஆழமாக இழுத்து இழுத்து விட்டாள். படுத்திருக்கிற பிள்ளைக்கு அது எதற்கு? நாக்கு வறண்டிருந்தது. குனிந்து பேர் சொல்லிக் கூப்பிட்டேன். அவள் வாயிலிருந்து அதிகமாகக் கனிந்த பழத்தின் வாசனை வந்தது. மூன்று வருடப் படிப்பில் மறக்காமல் நின்ற நாலைந்து விஷயங்களில் அது ஒன்று. சர்க்கரை தலைக்குமேல் ஏறிய உடம்பின் வாசனை.

பீரோச் சாவியைக் கேட்டேன். மீட்டர் தாளாளர் ஐயாவுக்கு உள்ளது, ரத்தம் தொட்டுப் பார்க்கும் பட்டிகூட எண்ணி வைத்திருக்கிறது என்றார் டாக்டரம்மா. அவர் இடுப்பிலிருந்து நானே சாவியைப் பிடுங்கினேன். இத்தனை வருடத்தில் நான் வரம்பு மீறியது அந்த ஒரு தடவைதான். பிள்ளையின் விரலில் குத்திப் பார்த்தால் மீட்டர் எண்ணையே காட்டவில்லை. அளக்க முடியாத அளவுக்கு மேலே போய்விட்டது என்று மட்டும் காட்டியது.

தயாராக இருந்த ஊசியைக் குப்பையில் போட்டேன். தலைமை ஆசிரியை, பிள்ளையின் அம்மாவுக்குச் சொல்லி அவர் வந்த பிறகு போகலாமே என்றார். போடிமெட்டிலிருந்து அவர் இறங்கி வரும்வரை பிள்ளை காத்திருக்காது என்று கத்தினேன். காலையில் வந்த அதே வேனில் ஏற்றினோம். என்ன கொடுத்திருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் கேட்பார்கள் என்பதால் நோட்டையும் எடுத்துக்கொண்டேன். டாக்டரம்மாவை யாரும் கூப்பிடவில்லை. அவராகவே ஏறி, பிள்ளையின் தலையை மடியில் வைத்துக்கொண்டார்.

போடி ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றி, உடனே தேனிக்கு அனுப்பினார்கள். தேனியில் இருந்தவர் சின்ன வயது டாக்டர். பிள்ளையை உள்ளே கொண்டுபோனபடியே, எத்தனை நாளாகத் தாகம், எத்தனை தடவை சிறுநீர், எடை குறைந்ததா என்று கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன் டாக்டரம்மா சொல்லத் தொடங்கினார். மூன்று வாரமாகத் தண்ணி தண்ணி என்று கேட்கிறது. ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாத்ரூம் போகிறது. போன மாதம் இறுக்கமாக இருந்த பாவாடைக்கு இப்போது ஊக்கு குத்தியிருக்கிறது. மத்தியானச் சாப்பாட்டில் இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிடுகிறது. ஒன்று விடாமல் சொன்னார். எனக்கு அந்தப் பிள்ளையின் வகுப்புகூட அன்றைக்குத்தான் தெரியும்.

"இதெல்லாம் யாருகிட்டயும் சொல்லலியா?" என்று டாக்டர் கேட்டார்.

"எழுதி வச்சிருக்கேன் டாக்டர்," என்றார் டாக்டரம்மா.

எழுதித்தான் வைத்திருந்தார். டாக்டர் என் கையிலிருந்த நோட்டை வாங்கிப் புரட்டினார். அதிகத் தாகம், குளுக்கோஸ். சோர்வு, குளுக்கோஸ். உடம்பு மெலிவு, பூச்சி மாத்திரை. அடிக்கடி பாத்ரூம், சூடு, குளுக்கோஸ். மூன்று வாரம், ஏழு வரி. ஒரு வரியைப் படித்திருந்தால் சந்தேகம் வந்திருக்கும். இரண்டைப் படித்திருந்தால் அன்றைக்கே விரலில் குத்திப் பார்த்திருப்பேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அழகான ஒரு கையெழுத்து இருந்தது.

"இது யாரு போட்டது?"

என்னோடது என்றேன். டாக்டர் நோட்டை மூடிக் கொடுத்துவிட்டு உள்ளே போனார். திட்டியிருக்கலாம்.

மத்தியானம் பிள்ளையின் அம்மா வந்து சேர்ந்தார். காய் பறித்துக்கொண்டிருந்த கோலத்திலேயே ஜீப்பு பிடித்து வந்திருந்தார். இடுப்பில் சாக்குக் கட்டியிருந்தது. என்னைத் தாண்டிப் போய் டாக்டரம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். பிள்ளைக்கு முடியவில்லை என்று கேட்டதும் உயிரே போய்விட்டது, டாக்டரம்மா கூட இருக்கிறார் என்று தெரிந்த பிறகுதான் மூச்சு வந்தது என்றார்.

டாக்டரம்மா கையை விடுவித்துக்கொண்டார்.

"நான் டாக்டரு இல்ல ஆத்தா," என்றார். அப்புறம் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதார். அந்த நிமிடம் அவர்மேல் எனக்கு இருந்த கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அதை எனக்கே வைத்துக்கொண்டேன்.

பிள்ளை பிழைத்துவிட்டாள். நாலாவது நாள் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டாள். நம் டாக்டரம்மா சமயத்தில் மடியில் போட்டுக்கொண்டு ஓடியதால் பள்ளியின் மானம் காப்பாற்றப்பட்டது என்று தாளாளர் காலை வழிபாட்டில் பேசினார். கைதட்டல் பலமாக இருந்தது. பீரோவை அனுமதியின்றித் திறந்ததற்கு எனக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. அதற்குக் கைதட்டல் இல்லை.

டாக்டரம்மா ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி மேசை டிராயரில் போட்டுவிட்டார். இப்போது விரலில் முள் குத்தினாலும் எனக்குப் போன் வருகிறது. ராசிங்காபுரத்தில் நான் சாப்பிட உட்காரும் நேரம் பார்த்து வருகிறது. காலைத் தட்டை மட்டும் விட மனமில்லை. மாத்திரைக்குப் பதிலாகத் தட்டில் ஏலக்காய் வைத்துக்கொண்டு கேட்டில் நிற்கிறார். ஏலத்தோட்டத்திலிருந்து இறங்கி வரும் பிள்ளைகளுக்கு ஏலக்காய். கணக்கு வாத்தியார் மட்டும் இந்த மலைப் பிள்ளைகள் இப்போது நிறையக் கேள்வி கேட்கிறார்கள் என்று சலித்துக்கொள்கிறார்.

அந்தப் பெண் மறுபடி வந்த முதல் செவ்வாய்க்கிழமை, மருத்துவ அறைக்கு வந்து, தானே விரலில் குத்தி, மீட்டரைப் பார்த்து, இன்சுலினும் தானே போட்டுக்கொண்டாள். உதவிக்குக் கை நீட்டிய டாக்டரம்மாவையும் என்னையும் வேண்டாம் என்றாள். பிறகு பையிலிருந்து கோடு போட்ட ஒரு சின்ன நோட்டை எடுத்தாள். ஆஸ்பத்திரியில் எழுதச் சொன்னதாம். நேரம், அளவு, என்ன சாப்பிட்டாள் என்று குண்டு குண்டான எழுத்தில் எழுதியிருந்தாள். தினமும் பள்ளியில் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும் என்றாள்.

கை தானாகப் பேனாவை எடுத்துப் பக்கத்தின் அடிக்குப் போய்விட்டது.

அவள் நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"வாசிச்சுட்டுப் போடுங்க சிஸ்டர்," என்றாள்.