கண்ணுசாமி கொடுத்த சதை

கறம்பக்குடிப் பக்கம் போர்வெல்லுக்குள் மோட்டார் சிக்கிக்கொண்டால் கண்ணுசாமியைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போவார். ஆனால் மலத்தோடு ரத்தம் போவதைப் பதினோரு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. மூலம் என்று நினைத்து லேகியம் வாங்கித் தின்றார். வேட்டி இடுப்பில் நிற்காமல் போன பிறகுதான் மனைவி சொர்ணவல்லிக்கே தெரிந்தது.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் பெருங்குடல் புற்றுநோய் என்றார்கள். கல்லீரலுக்கும் பரவியிருந்தது.

தம்பி மலையாண்டி வார்டிலேயே வெடித்தான். "எண்ணெய் மெதக்க மெதக்கக் கறியாக்கிப் போட்டீங்கள்ல மதினி, அதான்."

சொர்ணவல்லி அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

அடைப்பு இருந்ததால் குடலை வெட்டியாக வேண்டும். ஆபரேஷனுக்கு முதல் நாள், டாக்டர் வைஷ்ணவி ஒரு படிவத்தோடு வந்தார்.

"வெட்டுற கட்டியில கொஞ்சம் ஆராய்ச்சிக்குத் தருவீங்களா அய்யா? கொழுப்பை எரிக்கிற நொதி ஒண்ணு குடல் செல்லுக்குள்ள இருக்கு. சில பேருக்கு அது கொறைஞ்சு கெடக்கு. அதனாலதான் கட்டி அடங்காம வளருதான்னு பாக்குறோம்."

கண்ணுசாமி பக்கத்தில் நின்ற மனைவியைக் காட்டினார். "அப்ப இவ ஆக்குன சோத்தாலயா வந்துச்சு?"

"சாப்பாட்டுக்கும் பங்கு இருக்கலாம். அதுதான்னு யாராலயும் சொல்ல முடியாது. ஒங்க தம்பியும் அதே கொழம்பத்தானே சாப்பிட்டாரு?"

மலையாண்டி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"இதனால எனக்கு என்ன ஆவும்?"

"ஒங்களுக்கு ஒதவாது அய்யா. முடிவு தெரியவே வருசக்கணக்காகும்."

கண்ணுசாமி படிவத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

ஆபரேஷனுக்குப் பிறகு மலம் வெளியேற வயிற்றில் ஒரு பை மாட்டினார்கள். வாடை அடிக்குமென்று அவர் வீட்டு வாசலைத் தாண்டவே இல்லை. கூப்பிட்டவர்களிடம் வெளியூர் போயிருப்பதாகச் சொல்லச் சொன்னார். தை மாதம் இறந்துபோனார்.

கருமாதி முடிந்த வாரமே சொர்ணவல்லி மலையாண்டியைக் கூப்பிட்டாள். "கூடப்பொறந்தவங்களும் கொடல டெஸ்ட் எடுக்கணும்னு டாக்டரம்மா சொன்னாங்க. கெளம்பு."

"எனக்கு ஒண்ணும் இல்லையே மதினி."

"அவுகளும் அப்புடித்தான் இருந்தாக."

தஞ்சாவூரில் பார்த்தபோது மலையாண்டியின் குடலில் இரண்டு சின்னக் கட்டிகள் இருந்தன. புற்றாக மாறுமுன்பே குழாய் வழியாக எடுத்துவிட்டார்கள்.

"அவுகளுக்கும் இப்புடி மொதல்லயே எடுத்திருந்தா?" என்று சொர்ணவல்லி கேட்டாள்.

"பொழச்சிருக்கலாம்மா" என்றார் வைஷ்ணவி.

"பதினோரு மாசம் எங்கிட்டயே மறைச்சிட்டாகளே" என்று சொல்லிக்கொண்டே சொர்ணவல்லி பெஞ்சில் உட்கார்ந்தாள்.