டகாவ் மலையில் வெறுங்கால்

ஜப்பானின் டகாவ் மலையில், கேபிள் காரின் மேல் ஸ்டேஷனில் இறங்கியதும் வழக்கம்போல் தலை எண்ணினேன். பதினெட்டும் சரி. கேபிள் கார் நெரிசலில் பார்க்காத கண் அப்புறம்தான் கீழே போனது. பதினெட்டுப் பேரும் வெறுங்காலோடு நின்றார்கள்.

நவம்பர் கடைசி. ஸ்வெட்டர், மப்ளர், குல்லா என்று ஒவ்வொருவரும் மூட்டை மாதிரி இருந்தார்கள். கீழே மட்டும் முப்பத்தாறு பாதங்கள், சில்லென்ற தரையில். பக்கத்தில் நின்ற ஜப்பான்காரர்கள் மரியாதையாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

"செருப்பு, ஷூவெல்லாம் எங்கங்க?" என்றேன்.

"அடிவாரத்துல ஒரு பெரிய கல்லு நட்டு வெச்சிருந்தாங்களே, அங்க வரிசையா உட்டுட்டு வந்துட்டோம் மேடம்," என்றார் ஏழுமலை. திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் கரும்பு போடுகிறவர். குழுவுக்குத் தன்னைத்தானே தலைவராக நியமித்துக்கொண்டவர். "நீங்கதான சொன்னீங்க, நம்ம திருவண்ணாமலை மாரி இதுவும் சாமி மலைன்னு? சாமி மலைல செருப்போட ஏறுவாங்களா?"

சொன்னது நான்தான். டோக்கியோவிலிருந்து ஒரு மணி நேர ரயில் பயணம். அதில் வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். மலையே சாமி, ஆயிரம் வருஷத்துக்கு மேலான கோயில், மேலே போனால் ஓமம் வளர்ப்பார்கள் என்று அளந்துவிட்டேன். அடிவாரத்தில் நான் டிக்கெட் வரிசையில் நின்ற நேரத்தில் இவர்கள் காரியத்தை முடித்துவிட்டார்கள்.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். விழுப்புரம் புது பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு சின்ன டிராவல்ஸில் இருபத்திரண்டு வருஷம் டூர் மேனேஜராக இருந்தேன். வீடு திண்டிவனம். தினமும் காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். காசி, கேதார்நாத், முக்திநாத் எல்லாம் எத்தனை தடவை என்று எனக்கே ஞாபகம் இல்லை. கோபம் கொஞ்சம் அதிகம். ஜப்பானுக்குக் குழு கூட்டிப் போனது அதுதான் முதல் தடவை. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்ன கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டால், அந்த ஒரு நாளைத்தான் சொல்வேன்.

ராஜாம்பாளின் கால்

பதினேழு பேர் வெறுங்காலில் நடந்தால் குளிரும், அவ்வளவுதான். பதினெட்டாவது ஆள் ராஜாம்பாள் அம்மா. திருவாமாத்தூர்க்காரர், அறுபத்து நாலு வயது. பல வருஷமாக சுகர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வலது காலின் சுண்டு விரலை எடுத்துவிட்டார்கள். பாதத்தில் உணர்ச்சி கிடையாது. முள் குத்தினாலும் தெரியாது. டாக்டர் எழுதிக் கொடுத்த, மெத்தென்ற ரப்பர் வைத்த எம்.சி.ஆர். செருப்பைத்தான் போட வேண்டும், வீட்டுக்குள்ளேகூட.

விழுப்புரத்தில் வண்டி ஏற்றிவிட வந்த அவர் மகன் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "அக்கா, அம்மா எதக் கேட்டாலும் நல்லாருக்குதுன்னுதான் சொல்லும். நம்பாதீங்க. டெய்லி காலைல பாதத்த நீங்களே திருப்பிப் பாத்துடுங்க. அடுத்த தபா புண்ணு வந்தா காலையே எடுக்கணும்னுட்டாரு டாக்டரு."

"நீ கவலப்படாத தம்பி" என்று பெரிதாகச் சொல்லிவிட்டேன். உண்மையில் நான் செய்தது என்ன? தினமும் காலையில் அறை வாசலில் நின்று, "கால் எப்படிம்மா இருக்குது?" என்று கேட்டேன். "நல்லாத்தான் இருக்குது" என்றார். நான் போய்விட்டேன். வயதான ஒரு அம்மாவின் காலைப் பிடித்துத் திருப்பிப் பார்க்க எனக்குக் கூச்சம். காட்ட அவருக்கும் கூச்சம். இரண்டு பேருக்கும் அந்தக் கேள்வியும் பதிலும் வசதியாக இருந்தன.

இப்போது அவரும் மற்றவர்களோடு வெறுங்காலில் நடந்துகொண்டிருந்தார். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவரிடம் போவதற்குள் பின்னாலிருந்து ஏழுமலை குரல் கொடுத்தார்.

"மேடம், இங்க ரத்தமாட்டம் தெரியுது. யாருதுன்னு பாருங்க!"

சிமெண்ட் பாதையில் ஒரு ரூபாய் அளவுக்குச் சிவப்பு. இரண்டடி தள்ளி இன்னொன்று. நான் யார் காலையும் பார்க்கவில்லை. நேரே ராஜாம்பாளைப் போய்ப் பிடித்தேன்.

"வலிக்கலயாம்மா?"

"இன்னாத்துக்கு வலிக்கணும்?" என்றார், சிரித்துக்கொண்டே. கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப் போனேன்.

துணியா, தோலா

பாதையோரத்தில் வரிசையாகக் கடைகள். மரச் சாமான், கீச்செயின், கரியடுப்பில் சுடுகிற அரிசிமாவு உருண்டை. உருண்டைக் கடையின் பெஞ்சில் அவரை உட்காரவைத்துப் பாதத்தைத் திருப்பினேன். குதிகாலுக்கு முன்னால் ஒரு கூரான சின்னக் கல் ஏறியிருந்தது.

கடைக்கார அம்மாவுக்கும் அறுபது வயதுக்கு மேல் இருக்கும். பார்த்தவுடன் அடுப்பை விட்டுவிட்டு ஓடி வந்தார். உள்ளே போய் வெந்நீர், துண்டு, மருந்துப்பெட்டி எல்லாம் கொண்டுவந்து தரையில் மண்டி போட்டு உட்கார்ந்தார். தன் போனில் ஏதோ பேசினார். போன் தமிழில் சொன்னது: "தயவுசெய்து அமைதியாக அமரவும். தங்கள் பாதத்தைக் கழுவ அனுமதி வேண்டுகிறேன்."

"போனு நம்மள விட நல்லா தமிழ் பேசுது," என்றார் ஏழுமலை.

ராஜாம்பாள் காலை வெடுக்கென்று இழுக்கப் பார்த்தார். "ஐயையோ, காலையெல்லாம் தொடாதம்மா! பாவம்மா!" அந்த அம்மாவுக்கு எங்கே புரியப் போகிறது? பிடித்த காலை விடவில்லை. கல்லை எடுத்து, கழுவி, ஒற்றி, மருந்து வைத்துக் கட்டினார். விரல் இல்லாத இடத்தில் அவர் கை ஒரு நொடி நின்றது. பிறகு அதையும் துடைத்துவிட்டார். நான் மூன்று நாளாகச் செய்யாததை முகம் தெரியாத ஒருத்தி ஐந்து நிமிஷத்தில் செய்து முடித்தாள். வெட்கமாக இருந்தது. எனக்கு வெட்கம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும்.

"நான் ஜல்தியா கீழ போயி உங்க செருப்ப எடுத்துகினு வர்றேன். இங்கயே உக்காருங்க," என்றேன்.

"எடுத்துகினு வந்தாலும் போட மாட்டேன். கோயில் வரைக்கும் வெறுங்கால்தான். வேண்டுதல்."

"இன்னொரு விரலையும் இந்த மலைக்குக் குடுத்துட்டுப் போலாம்னு பாக்கறீங்களா?" என்று கத்திவிட்டேன்.

ராஜாம்பாளின் கண் நிரம்பியது. ஆனால் குரல் நடுங்கவில்லை.

"விரல எடுத்த அன்னிக்கு, ஆஸ்பத்திரி பெட்டுல படுத்துகினு வேண்டிகினேன் மேடம். இந்தக் காலு எனக்கு மிஞ்சிச்சின்னா, எந்த ஊரு மலைக்கோயிலுக்குப் போனாலும் செருப்பு போடாம ஏறி வர்றேன்னு. காலு மிஞ்சிச்சே. நான் ஏறாம இருந்தா எப்படி?"

கால் போகக்கூடாது, வேண்டுதலும் போகக்கூடாது. இரண்டுக்கும் நடுவில் நான் நின்றேன்.

அந்த நேரம் பார்த்துக் கோயில் சாமியார் ஒருவர் அந்த வழியாகப் போனார். வெள்ளை உடை, கையில் தடி. காலில் வெள்ளைத் துணி உறை, கட்டைவிரலுக்குத் தனியாகப் பிரித்துத் தைத்தது. அடியில் ரப்பர்.

"அம்மா, அங்க பாருங்க. ஓமம் பண்றவரே போட்டுகினு போறாரு," என்றேன்.

ராஜாம்பாள் உற்றுப் பார்த்தார். "அது துணியா, தோலா?"

கடைக்கார அம்மா எங்கள் பார்வை போன இடத்தைப் பார்த்தார். உள்ளே போய்த் தன்னுடையதையே ஒரு ஜோடி கொண்டுவந்து நீட்டினார். கருநீலம், துவைத்துத் துவைத்து வெளுத்தது. ராஜாம்பாள் அதை விரலால் கசக்கினார். மோந்து பார்த்தார். உள்ளே கைவிட்டுத் தடவினார்.

"துணிதான்," என்றார். "அடில ரப்பர் இருக்குதே?"

"சாமியாருக்கும் அடில ரப்பர்தாம்மா."

"எம்.சி.ஆரும் ரப்பர்தான?" என்று ஏழுமலை வாயைத் திறந்தார். நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

"அது செருப்பு. இது வேற," என்று ராஜாம்பாளே தீர்ப்புச் சொல்லிக் காலை நீட்டினார். கடைக்கார அம்மா போட்டுவிட்டு, சுண்டு விரல் பக்கம் தொளதொளவென்று இருந்த இடத்தில் பஞ்சு வைத்து நிரப்பினார்.

கோயிலுக்கு நூற்றெட்டுப் படி. பக்கத்திலேயே சரிவுப் பாதையும் இருந்தது. அதைக் காட்டினேன். "நூத்தியெட்டுன்னு கட்டி வெச்சிருக்கான், உட்டுட்டுப் போவாங்களா?" என்று ராஜாம்பாள் என் தோளைப் பிடித்துக்கொண்டு படியிலேயே ஏறினார். முப்பது படிக்கு ஒரு தடவை உட்காரவைத்து, துணி உறையைக் கழற்றிக் காயக்கட்டைப் பார்த்தேன். ரத்தம் இல்லை. மேலே நீள மூக்கும் சிறகும் வைத்த காவல் சாமி. "நம்ம முனீஸ்வரன் மாரி இருக்காரு," என்று ஏழுமலை கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஊதுவத்திச் சட்டியின் புகையை ஜப்பான்காரர்கள் தலைக்கும் முட்டிக்கும் அள்ளி விட்டுக்கொண்டிருந்தார்கள். ராஜாம்பாள் ஒரு கை அள்ளிக் குனிந்து காலுக்கு விட்டார். முரசு அடித்து ஓமம் வளர்த்தபோது அவர் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்து எனக்கும் மனசு நிறைந்துவிட்டது.

இறங்கும்போது கடைக்கார அம்மா துணிக் காலணியைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. எல்லோரும் உருண்டை வாங்கித் தின்றோம். அடிவாரத்தில் செருப்பும் ஷூவும் அப்படியே இருந்தன. யாரோ புண்ணியவான் அத்தனையையும் கால் நுழைக்க வசதியாகத் திருப்பி வைத்திருந்தார்.

மறுநாள் காலை

மறுநாள் காலையில் கதவைத் தட்டியதும் கேள்வி கேட்கவில்லை. உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்து, "காலைக் காட்டுங்கம்மா," என்றேன். புடவையை இழுத்து மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் விடவில்லை. அதற்கு மறுநாள், "நீ ஒருத்தி, பேஜாரு" என்று சலித்துக்கொண்டே காட்டினார். ஊருக்கு விமானம் ஏறும் நாளில் புண் காய்ந்து தோல் மூடியிருந்தது. ஊர் வந்ததும் அவர் மகனிடம் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன், என் தப்பையும் சேர்த்து. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "காலு இருக்குது இல்ல, போதும்கா," என்றார்.

அதற்கப்புறம் ஓய்வு பெறும் வரை, என் குழுவில் சுகர் உள்ளவர்கள் யார் வந்தாலும் காலையில் பாதத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் டிபனுக்கு அனுப்புவேன். இந்த வேலைக்கு வருகிறவர்கள் இதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளலாம். எப்படி இருக்கிறது என்று கேட்காதீர்கள், பாருங்கள். முதல் நாள் கூச்சப்படுவார்கள். இரண்டாம் நாள் திட்டுவார்கள். மூன்றாம் நாள் நீங்கள் உட்காருவதற்குள் அவர்களே காலை நீட்டிவிடுவார்கள்.