மின்னல் குறி போட்ட ஓட்டை

திருவள்ளூரில் நான் எடிட்டராக வேலை பார்த்த ஸ்டூடியோவில் எனக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. ஸ்லோ. முதலாளி வைத்தது. கேமரா பிடிப்பவர்கள், டிரோன் விடுபவர், ஆல்பம் ஒட்டுபவர் என்று எல்லோரும் அதை வழிமொழிந்தார்கள். கல்யாண வீட்டார் போன் செய்து வீடியோ எங்கே என்று கேட்டால், "எங்க எடிட்டர் கொஞ்சம் ஸ்லோ சார், லேடீஸ் இல்லியா" என்று முதலாளி எனக்குப் பின்னால் நின்றுகொண்டே சொல்வார். நான் திரும்பிப் பார்ப்பேன். அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஸ்லோ நான் இல்லை, அவர் வாங்கிப் போட்டிருந்த லேப்டாப். அதில் கேபிள் செருகும் போர்ட், அதாவது ஓட்டை, ஒழுங்காக வேலை செய்தது ஒன்றே ஒன்று. மூன்று கேமராவில் எடுத்த படம் முழுவதும் அந்த ஒன்றின் வழியாகத்தான் உள்ளே வந்து சேர வேண்டும். கேமராவின் ஒரு கார்டைச் செருகினால், எவ்வளவு காப்பி ஆனது என்று காட்டும் பச்சைக் கோடு திரையில் ஊர ஆரம்பிக்கும். அது ஊரும்போது வேறு எதையாவது திறந்தால் மொத்தமும் நின்றுவிடும். அதனால் நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சரியாக அந்த நேரம் பார்த்து முதலாளி உள்ளே வருவார்.

"இன்னாம்மா, சும்மா குந்திக்கினு கீற?"

"காப்பி ஆவுது சார்."

"அது பாட்டுக்கு ஆவட்டும். நீ வேலைய பாரு."

படமே உள்ளே வராமல் எந்த வேலையைப் பார்ப்பது என்பது அந்த மண்டையில் கடைசிவரை ஏறவில்லை. வாரத்துக்கு ஒருமுறையாவது விளக்கினேன். மின்னல் குறி போட்ட வேகமான போர்ட் உள்ள லேப்டாப் ஒன்று வேண்டும், அதற்கேற்ற கார்டு ரீடரும் டிஸ்க்கும் வேண்டும், அப்படி இருந்தால் படம் சட்டென்று வந்துவிடும், டிஸ்க்கிலேயே வைத்து வெட்டலாம், ஒட்டலாம் என்றேன். "ஓட்டைல இன்னாம்மா கீது, கைல தான கீது வேல" என்றார். பெரிய தத்துவம் சொல்லிவிட்டது போல அதற்கும் ஒரு சிரிப்பு.

பிறகு ஒருநாள் அந்த லேப்டாப் வந்தது. வருஷக்கணக்கில் நான் கேட்டதற்காக இல்லை. காலேஜ் படிக்கும் அவர் பையன் கேம் விளையாட அது வேண்டும் என்று வீட்டில் சோறு வேண்டாமென்று படுத்துக்கொண்டான், ஒரே வாரத்தில் வந்துவிட்டது. கூடவே நான் கேட்ட ரீடரும் டிஸ்க்கும் வந்தன. மொத்தத்தையும் ஸ்டூடியோ செலவில்தான் வாங்கினார். என் மேஜையின் மேல்தான் வைத்தார். அதன் முன்னால் உட்கார்ந்தது மட்டும் பையன்.

பொய் சொல்லக்கூடாது, அந்தப் போர்ட் அருமையான போர்ட். அவன் கொண்டுவந்த பெரிய மானிட்டரை ஒரே ஒரு கேபிளில் மாட்டுவான். படமும் அதிலேயே போகும், சார்ஜும் அதிலேயே ஏறும், கீபோர்டும் மவுசும் மானிட்டரின் முதுகில் தொங்கும். கேமில் எதிரி எந்தப் பக்கம் ஓடினாலும் திரையில் ஒரு திணறல் கிடையாது, வழுக்கிக்கொண்டு போகும். ஆனாலும் அவன் செத்துக்கொண்டேதான் இருந்தான். ஒவ்வொரு முறை சாகும்போதும் நெட்டைத் திட்டுவான். போர்ட்டின் வேகம் எவ்வளவு, அதில் எத்தனை மானிட்டர் மாட்டலாம் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். "அக்கா, இதெல்லாம் கல்யாண வீடியோவுக்கு வேஸ்ட்டு. தாலி கட்றத தான கட் பண்ணப் போறீங்க?" என்று ஒருநாள் கேட்டான். அப்பனுக்குத் தப்பாத பிள்ளை. நான் மூலையில் பழைய லேப்டாப்போடு பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

கும்மிடிப்பூண்டியில் ஒரு கல்யாணம் வந்தது. பெண்ணின் அப்பா தொழிற்பேட்டையில் ஒரு இரும்புக் கம்பெனியில் வேலை செய்பவர். காலையில் சர்ச்சில் திருமணம், சாயங்காலம் மண்டபத்தில் ரிசப்ஷன். காலையில் எடுத்ததை அன்றைக்கே வெட்டி, ரிசப்ஷனில் பெரிய ஸ்கிரீனில் போட வேண்டும் என்று பேச்சு. மற்ற இடங்களில் இது பந்தாவுக்குச் செய்வது. இங்கே அப்படி இல்லை என்பதைப் பெண்ணின் அப்பாவே கல்யாணத்தன்று என்னிடம் வந்து சொன்னார்.

"எங்க ஆளுங்க பாதி பேருக்கு லீவு தரலம்மா. ஷிஃப்ட் முடிச்சிட்டு அப்டியே மண்டபத்துக்குத் தான் வருவாங்க. எம் பொண்ணு சர்ச்சுக்குள்ள நடந்து போனத அவங்க பாக்கணும். சின்னப் புள்ளைலேந்து அவங்க தோள்ல வளந்தவ."

முதலாளி குறுக்கே புகுந்து, அரை மணி நேரத்தில் ரெடி பண்ணிவிடலாம் என்று வாக்குக் கொடுத்தார். பெண்ணின் அப்பா அப்படி நகர்ந்ததும் என் பக்கம் திரும்பி, "ஸ்கிரீன்ல வரலன்னா நாளைலேந்து நீ வர வேணாம்மா. ஆவடில ஒருத்தன பேசி வெச்சிகீறேன்" என்றார். அன்று பையனுக்குப் பரீட்சை. அதனால் புது லேப்டாப் முதன்முதலாக என் கைக்கு வந்திருந்தது.

சர்ச் முடிந்து மண்டபத்தில் ஒரு அறையில் உட்கார்ந்து, டிஸ்க்கை மின்னல் ஓட்டையில் செருகினேன். பாதிதான் உள்ளே போனது. அழுத்தினேன். அசையவில்லை. செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தால் உள்ளே மஞ்சளாக இருந்தது. சந்தனம்!

அந்த வாரம்தான் ஆயுத பூஜை போயிருந்தது. பூஜையில் கேமரா, டிரோன், லைட்டு ஸ்டாண்டு எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பது எந்த ஸ்டூடியோவிலும் நடப்பதுதான். நம் முதலாளி அதோடு விடவில்லை. லேப்டாப்பின் மூடியில் வைத்துவிட்டு, இதில் விலை கூடின இடம் எது என்று பையனைக் கேட்டிருக்கிறார். அவன் அந்தப் போர்ட்டைக் காட்டியிருக்கிறான். விரலால் சந்தனத்தை வழித்து அதற்குள்ளேயே அப்பிவிட்டார். இத்தனையும் அவர் வாயாலேயே, கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல் சொன்னார். கேம் விளையாடத் தெரிந்த அந்த மேதையும் பக்கத்தில் நின்று மணி ஆட்டியிருக்கிறான். பரீட்சை வந்துவிட்டதால் அதற்குப் பிறகு அவன் மானிட்டரை மாட்டவும் இல்லை.

பல் குத்துகிற குச்சியை எடுத்தேன். முதலாளி பதறினார்.

"நோண்டாதம்மா. பூஜைல வெச்சது."

"அப்ப சாமியையே வந்து எடிட் பண்ண சொல்லுங்க சார்."

அதற்குப் பிறகு அவர் அங்கே நிற்கவில்லை. லேப்டாப்பை அணைத்து, தலைகீழாகப் பிடித்து, காய்ந்த சந்தனத்தைத் துகள் துகளாகச் சுரண்டினேன். ஓட்டைக்குள் நாக்கு போல நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிசான தகடு உடைந்தால் என் வேலையும் அதோடு உடைந்தது. ஊதி, துடைத்து, மறுபடி செருகியபோது டிஸ்க்கின் விளக்கு எரிந்தது. எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கார்டைப் போட்டதும் பச்சைக் கோடு ஊரவில்லை, ஓடியது. வாங்கி வைத்த டீ ஆறுவதற்குள் மூன்று கேமராவும் உள்ளே வந்துவிட்டன.

அன்றைக்குத்தான் என் நேரம் என் கைக்கு வந்தது. வழக்கமாகப் படம் வந்து சேர்வதற்குள் சாயங்காலமாகிவிடும், கிடைத்ததை ஒட்டிக் கொடுப்பேன். அன்று எல்லாவற்றையும் உட்கார்ந்து பார்க்க முடிந்தது. மூன்றாவது கேமராவின் ஓரத்தில் ஒரு காட்சி கிடந்தது. மகளைப் பீடத்தருகே விட்டுவிட்டுத் திரும்பும் அப்பா, மூன்று அடி நடந்ததும் எங்கே உட்காருவது என்று தெரியாமல் நிற்கிறார். எடுத்தவனுக்கே அது தெரியாது. அவன் பூவைத்தான் எடுத்துக்கொண்டிருந்தான். நான் அதை எடுத்து, பாட்டை நிறுத்தி, சத்தமே இல்லாமல் விட்டேன்.

ரிசப்ஷனுக்குக் கம்பெனி ஆட்கள் வந்தார்கள். சிலர் யூனிஃபார்ம்கூட மாற்றவில்லை, கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. ஸ்கிரீனில் அந்த அப்பா நின்ற இடம் வந்ததும் மண்டபம் அடங்கியது. முன்வரிசையில் ஒருவர் கர்ச்சீப்பை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். படம் முடிந்ததும் கைதட்டல் நிற்க நேரமானது. எனக்கும் அழுகை வந்தது. ஸ்லோ என்ற பெயர் இன்றோடு ஒழிந்தது என்று நினைத்தேன்.

பெண்ணின் அப்பா முதலாளியிடம் வந்தார். "யார் சார் இத்த பண்ணது?"

நான் ஒரு எட்டு முன்னால் வந்தேன். முதலாளி லேப்டாப்பைக் கையில் தூக்கிக் காட்டினார். "எல்லாம் இதான் சார். புது மாடலு. மின்னல் மாதிரி வேல செய்யும்." நான்கு பேர் கூடிவிட்டார்கள். ஒருவர் விலை கேட்டார். இன்னொருவர் குனிந்து அந்த ஓட்டையை போட்டோ எடுத்தார். பெண்ணின் அப்பா என்னைப் பார்த்து, சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, அவரிடம் சொல்லப்பட்டது அதுதான்.

லேட்டானால் நான். சீக்கிரம் முடிந்தால் லேப்டாப். இந்தக் கணக்கை முதலாளி எந்தக் காலேஜில் படித்தாரோ தெரியவில்லை.

கூட்டம் கலைந்ததும் நேராகவே கேட்டுவிட்டேன். "எல்லாத்தையும் லேப்டாப்பே பண்ணிடுதுல்ல சார். அப்புறம் நான் எதுக்கு?"

மனுஷன் கொஞ்சமாவது நெளிவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஒயரைச் சுருட்டிக்கொண்டே நிதானமாகத் தலையை ஆட்டினார்.

"அத்த தாம்மா நானும் அப்பலேந்து யோசிச்சிக்கினு கீறேன்."